மூடிய சிப்பியும் மறைந்த சீட்டும்

ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன் வானொலியில் சீட்டாட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறான் என்றவுடன் சிலர் முகம் சுளிக்கக் கூடும். காசு வைத்து ஆடிக் குடி கெட்டவர்களை அறியாத ஊர் நம் நாட்டில் இல்லை. ஆகையால் அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் நான் பேச வந்தது சூதைப் பற்றியன்று. பிரிட்ஜ் என்னும் ஆட்டத்திலே, கண்ணுக்குத் தெரியாத சீட்டுகள் எவரிடம் உள்ளன என்பதைத் தெரிந்தவற்றிலிருந்து கணக்கிட்டு அறியும் முறையைப் பற்றியே பேசப் போகிறேன். அந்த முறை சீட்டு மேசைக்கு வெளியேயும் பயன்படுவது. அதைக் கைக்கொள்ளாமையால் நான் ஒருமுறை பெரும்பிழை செய்தேன். அதனையும் இறுதியிற் சொல்வேன்.

முத்துக்குளித்துறையில் பிறந்தவர்களுக்கு மறைந்திருப்பதை மதிப்பிடுவது புதிய கலையன்று. தூத்துக்குடிக்கு எதிரே கடலடியில் உள்ள பாறைப் பரப்புகளைப் 'பார்' என்பர். அவற்றுள் தோலாயிரம் பார் பெயர் பெற்றது. ஒரு பாரிலே முத்துச் சிப்பிகள் மிகுதியாக வளர்ந்திருக்கின்றன என்று தெரிந்த மாத்திரத்தில் அரசினர் சலாபம் கூறிவிட்டதில்லை. முதலிற் சில ஆயிரம் சிப்பிகளை எடுப்பித்தனர். அவற்றை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளைப் பித்தளைச் சல்லடைகளிற் சலித்துத் தரம் பிரித்து, ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை பெறும் என்று வல்லுநரைக் கொண்டு மதிப்பிட்டனர். செலவுக்கு மேல் மிஞ்சும் என்று கண்டால்தான் சலாபம் நடைபெற்றது. குளித்தவர்க்குரிய பங்கு போக, அரசின் பங்காகிய சிப்பிகள் ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்பட்டன. 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் தூத்துக்குடியில் சலாபம் நடந்தது, அதன்பின் நடைபெறவில்லை.

அந்த ஏலத்தில் வணிகர் வாங்கியது முத்தையன்று, வாய் மூடிய சிப்பியை. சிப்பியின் வயது, அதன் பருமன், எடுத்த பார், சோதனையிற் கண்ட மதிப்பு ஆகியவைதாம் அவருக்குத் தெரிந்தவை. இவற்றை எண்ணிப் பார்த்துக் கேட்டவர் ஒருவகை. பக்கத்தில் நிற்பவர் கேட்கிறாரே என்று தாமும் கேட்டவர் மற்றொரு வகை. இருவரிடமும் இருந்தது ஒரே சிப்பிதான். ஆயினும் இருவர் செய்ததும் ஒன்றாகாது.

சீட்டுக்கும் சிப்பிக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. கடலடியில் எத்தனை முத்து உள்ளது என்பதற்கு முன்கூட்டிய கணக்கு இல்லை. நூறு சிப்பியைத் திறந்து பார்த்தாலும், நூற்றோராவது சிப்பியில் முத்து உண்டா, இல்லையா என்று உறுதி கூற இயலாது. சீட்டுக் கட்டோ எல்லை கட்டியது. மொத்தம் 52 சீட்டுகள்; நான்கு இனங்கள்; ஓர் இனத்துக்கு 13; ஒருவர் கைக்கு 13. ஆகையால் வெளிப்படும் ஒவ்வொரு சீட்டும் இன்னும் வெளிப்படாதவற்றைப் பற்றி நமக்கு ஏதேனும் ஒன்றைச் சொல்லியே தீரும். முத்து வணிகருக்குக் கிடைக்காத இந்த வசதி பிரிட்ஜ் ஆடுவோருக்குக் கிடைத்திருக்கிறது.

ஆட்டத்தை அறியாத நேயர்களுக்காகச் சில சொற்கள். பிரிட்ஜ் இன்றைய வடிவத்தைப் பெற்றது ஒரு கப்பலில் என்பது துறைமுக ஊரார்க்குச் சுவையான செய்தி. 1925-ஆம் ஆண்டில் ஹரால்ட் வாண்டர்பில்ட் என்னும் அமெரிக்கர், பனாமாக் கால்வாய் வழியே சென்ற கப்பற் பயணத்தின்போது நண்பர்களோடு ஆடிப் பார்த்து வகுத்த விதிகளே காண்ட்ராக்ட் பிரிட்ஜுக்கு அடிப்படை. 2018-ஆம் ஆண்டில் ஜகார்த்தாவிலும் பாலெம்பாங்கிலும் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இவ்வாட்டம் இடம்பெற்றது. ஆடவர் இணைப் பிரிவில் நம் நாட்டுப் பிரணாப் வர்தன், சிப்நாத் சர்க்கார் இருவரும் தங்கப் பதக்கம் வென்றனர். இத்தகைய போட்டிகளில் ஒரே சீட்டுப் பங்கீடு பல மேசைகளிலும் ஆடப்படும். ஆதலால் நல்ல சீட்டு வந்தது, கெட்ட சீட்டு வந்தது என்னும் பேச்சுக்கு அங்கே இடமில்லை. அதே சீட்டைக் கொண்டு யார் திறமையாக ஆடினார் என்பதே கேள்வி.

நால்வர் ஆடுவர். எதிரெதிரே அமர்ந்தோர் கூட்டாளிகள். யாழ்ப்பாணத்தார் ஆடும் முந்நூற்று நான்கிலும், கேரளத்தார் ஆடும் இருபத்தெட்டிலும் உள்ளதுபோல இதிலும் ஏலம் உண்டு, துருப்பு உண்டு. நால்வரும் ஒவ்வொரு சீட்டு இறக்க, அவற்றுட் பெரியதை இறக்கியவர் எடுத்துக் கொள்வது ஒரு பிடி. ஓர் ஆட்டத்தில் 13 பிடிகள். இத்தனை பிடி எடுப்போம் என்று ஏலத்தில் உயரக் கேட்ட அணியில் ஒருவர் ஆடுபவர் ஆகிறார். அவருக்கு இடப்பக்கத்தில் இருப்பவர் முதற் சீட்டை இறக்கியவுடன், ஆடுபவரின் கூட்டாளி தம் கையை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு வாளா இருப்பார். ஆடுபவர் தம் 13 சீட்டுகளோடு அந்தத் திறந்த கையையும் தாமே ஆடுவார். ஆக, அவர் கண்ணுக்குத் தெரிபவை 26; தெரியாதவை 26. அந்த 26-உம் எதிராளிகள் இருவர் கைகளில் எவ்வாறு பிரிந்துள்ளன என்பதே அவர் அறிய வேண்டிய விடை.

அதை அறிய மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, ஏலத்தில் ஒருவர் சொன்னதையும் சொல்லாததையும் நினைவிற் கொள்வது. கையின் வலிமையை அளக்க ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று புள்ளியிடுவது வழக்கம். கட்டு முழுவதற்கும் 40. ஏறத்தாழ 13 புள்ளி இருந்தால் ஏலத்தைத் தொடங்குவர். முதலிற் கேட்கும் முறை வந்தபோது 'பாஸ்' என்று ஒதுங்கிய ஒருவர், ஆட்டத்தின் நடுவே கிளாவரில் ஏஸும் ராஜாவும், ஆட்டினில் ராஜாவும் ஜாக்கியும் இறக்கிவிட்டார் என்று கொள்வோம். ஏழும் நான்கும் பதினொன்று. இன்னும் வெளிப்படாத இஸ்பேட்டு ராஜா அவரிடம் இருக்குமா? இருந்தால் 14 ஆகிவிடும். 14 வைத்துக்கொண்டு அவர் வாய் மூடியிருக்க மாட்டார். எனவே அந்த ராஜா பெரும்பாலும் மற்றவரிடமே உள்ளது.

இரண்டாம் வழி, ஒருவர் செய்யாததைக் கவனிப்பது. ஓர் இனத்தில் ஏஸையும் ராஜாவையும் சேர்த்து வைத்திருப்பவர் முதற் சீட்டாக அவற்றுள் ஒன்றை இறக்குவது இயல்பு. அவர் வேறோர் இனத்திற் சிறு சீட்டை இறக்கினால், அவ்விரண்டும் ஒருசேர அவரிடம் இல்லை என்று கொள்ளலாம். இங்கே ஓர் எச்சரிக்கை. எதிராளியின் சீட்டு ஓரம் தெரிந்தால், 'சீட்டை மறைத்துப் பிடியுங்கள்' என்று சொல்வதே முறை. கண்ணால் திருடிப் பெற்ற செய்தியைக் கொண்டு வெல்வது, வினாத்தாளை முன்னரே பார்த்துவிட்டு முதல் மதிப்பெண் வாங்குவதை ஒக்கும்.

மூன்றாம் வழியே தலையாயது. அது 13 வரை எண்ணுவது. இதை ஓர் ஆட்டத்தைக் கொண்டு விளக்குவேன். காகிதமும் பென்சிலும் கையில் உள்ளவர்கள் குறித்துக் கொள்க. நான் தெற்கே அமர்ந்து ஆடுபவன். எதிரே வடக்கில் என் கூட்டாளி. என் இடப்பக்கத்தவரை மேற்கார் என்றும் வலப்பக்கத்தவரைக் கிழக்கார் என்றும் அழைப்போம்.

என் கையில் இஸ்பேட்டு ஐந்து: ஏஸ், ராணி, ஜாக்கி, 9, 4. ஆட்டின் மூன்று: 7, 5, 3. டைமன் மூன்று: ஏஸ், ஜாக்கி, 6. கிளாவர் இரண்டு: 8, 3. கூட்டாளியின் திறந்த கையில் இஸ்பேட்டு மூன்று: ராஜா, 8, 5. ஆட்டின் மூன்று: 9, 8, 4. டைமன் மூன்று: ராஜா, 10, 3. கிளாவர் நான்கு: ஏஸ், ராஜா, 7, 2. இஸ்பேட்டைத் துருப்பாகக் கொண்டு 10 பிடி எடுப்பதாக ஏற்றிருக்கிறோம். ஏலத்தின் இடையே மேற்கார் ஒருமுறை 'ஆட்டின்' என்று கேட்டார். கிழக்கார் வாயே திறக்கவில்லை.

மேற்கார் ஆட்டினில் ஏஸ், ராஜா, ராணி மூன்றையும் அடுத்தடுத்து இறக்கி மூன்று பிடிகளை எடுத்துக் கொண்டார். இனி ஒரு பிடியும் இழத்தலாகாது. என்னிடம் துருப்பில் ஐந்து, கிளாவரில் இரண்டு. ஆக 7 பிடிகள் உறுதி. டைமனில் மூன்றும் வந்தால் 10 நிறையும். டைமனில் ஏஸ், ராஜா, ஜாக்கி, 10 ஆகியவை நம்மிடம் உள்ளன, ராணி இல்லை. ராணி கிழக்காரிடம் இருந்தால் திறந்த கையிலிருந்து 10-ஐ இறக்கி அதைப் பிடித்துவிடலாம். மேற்காரிடம் இருந்தால் என் கையிலிருந்து ஜாக்கியை இறக்கிப் பிடிக்கலாம். பக்கம் தவறினால் ஆட்டம் போயிற்று.

புதிதாக ஆடக் கற்றவர் என்ன நினைப்பார்? 'ஏலத்தில் வாய் திறந்தவர் மேற்கார். மூன்று பெரிய சீட்டுகளை வைத்திருந்தவரும் அவரே. ராணியும் அவரிடந்தான் இருக்கும்' என்று முடிவு கட்டுவார். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் உள்ளது. ஆனால் அவசரப்படாமல் டைமனைக் கடைசிவரை தொடாது, மற்ற இனங்களை ஆடி எண்ணுவோம்.

மூன்றாவது ஆட்டினைக் கிழக்கார் போடவில்லை. டைமனில் ஒரு சிறு சீட்டைக் கழித்தார். நம் இரு கைகளிலும் ஆட்டின் ஆறு, எஞ்சியவை ஏழு. கிழக்காரிடம் இரண்டு, எனவே மேற்காரிடம் ஐந்து.

அடுத்து மேற்கார் துருப்பை இறக்குகிறார். நான் எடுத்து மேலும் இருமுறை துருப்பு ஆடுகிறேன். மூன்றாம் முறையில் மேற்காரிடம் துருப்பு இல்லை; ஓர் ஆட்டினைக் கழிக்கிறார். எனவே மேற்காரிடம் இஸ்பேட்டு இரண்டு, கிழக்காரிடம் மூன்று.

பிறகு கிளாவரில் ஏஸும் ராஜாவும் எடுத்து, மூன்றாம் கிளாவரை என் துருப்பால் வெட்டுகிறேன். அந்த மூன்றாம் முறையில் கிழக்காரிடம் கிளாவர் இல்லை. மீண்டும் ஒரு டைமன் விழுகிறது. நம் கைகளில் கிளாவர் ஆறு. எஞ்சிய ஏழில் கிழக்காரிடம் இரண்டு. எனவே மேற்காரிடம் ஐந்து.

இப்போது கூட்டுக. மேற்காரிடம் ஆட்டின் 5, இஸ்பேட்டு 2, கிளாவர் 5, மொத்தம் 12. கைக்கு 13 சீட்டு. எனவே அவரிடம் டைமன் ஒன்றே ஒன்றுதான் உண்டு! நான் திறந்த கையிலுள்ள டைமன் ராஜாவை முதலில் எடுக்கிறேன். மேற்காரின் அந்த ஒற்றைச் சீட்டு ராணியாக இருந்தால் அங்கேயே விழுந்துவிடும். அது சிறு சீட்டாக விழுந்தால், ராணி கிழக்காரிடம் இருந்தே தீர வேண்டும். சிறு சீட்டுதான் விழுகிறது. உடனே 10-ஐ இறக்குகிறேன். கிழக்கார் ராணியைப் போட்டால் ஏஸால் வெல்வேன். போடாவிட்டால் என் ஜாக்கியே அந்தப் பிடியை எடுக்கும். எவ்வாறாயினும் 10 பிடிகள் நிறைந்தன.

இதில் ஊகம் எங்கேயும் இல்லை என்பதைக் காண்க. முதற் பார்வைக்கு மேற்காரைச் சுட்டிய சான்று பொய்யன்று. அவர் ஏலம் கேட்டது உண்மை, வலிமை உள்ளவர் என்பதும் உண்மை. ஆனால் அது பாதிச் சான்று. எண்ணி முடித்தபோது விடை எதிர்ப்பக்கத்தில் இருந்தது.

எல்லா ஆட்டத்திலும் எண்ணிக்கை இவ்வாறு முடிவு வரை கைகூடும் என்று சொல்ல மாட்டேன். கணக்கு நின்றுவிடும் இடத்தில் பெரும்பான்மை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும். எதிராளிகளிடம் ஓர் இனத்தில் ஐந்து சீட்டுகள் இருந்தால், அவை மூன்றும் இரண்டுமாகப் பிரிந்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 68. ஆறு சீட்டுகள் இருந்தால் மூன்றும் மூன்றுமாகச் சமமாகப் பிரியும் என்று பலர் நம்புவர். உண்மையில் அதற்கு வாய்ப்பு சுமார் 36. நான்கும் இரண்டுமாகப் பிரிய வாய்ப்பு சுமார் 48. மேலும், ஓர் இனத்தில் ஒருவரிடம் ஐந்து சீட்டும் மற்றவரிடம் இரண்டும் உள்ளன என்பது மட்டுமே தெரிந்தால், அவ்வினத்தின் ராணி ஐந்து உடையவரிடம் இருப்பதற்கு ஐந்துக்கு இரண்டு என்ற அளவில் வாய்ப்பு மிகுதி.

அந்தப் பக்கம் ஆடியும் சிலவேளை தோற்போம். ஏழில் இருமுறை தோற்றுத்தான் ஆக வேண்டும். அப்போது கூட்டாளி, 'மறுபக்கம் ஆடியிருக்கலாமே' என்பார். அவருக்கு நான் சொல்லும் விடை ஒன்றே: முடிவைக் கொண்டு ஆட்டத்தை அளக்காதீர், அந்த வேளையில் தெரிந்திருந்ததைக் கொண்டு அளந்து பாரும். எண்ணாமல் ஆடி வென்றவன் செய்தது பிழையே. எண்ணி ஆடித் தோற்றவன் செய்தது சரியே.

இனி, நான் சொல்வதாகக் கூறிய செய்திக்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், சுற்றுலாவுக்கென மாணவர்களிடம் திரட்டிய பணம் ஓர் உறையில் இடப்பட்டு ஆசிரியர் அறை மேசைமேல் இருந்தது. இரண்டாம் பாடவேளை முடிந்தபோது அதைக் காணவில்லை. சங்கு குளிப்பவர் ஒருவரின் மகன் ஒன்பதாம் வகுப்பில் படித்தான். அதற்கு முன் ஒருமுறை மற்றொரு மாணவனின் பேனாவை எடுத்து அகப்பட்டவன். அன்று காலை அந்த அறைப் பக்கம் அவனைக் கண்டதாக ஏவலர் சொன்னார். எனக்கு அது போதுமாயிற்று. வாய் திறந்தவரிடமே ராணி இருக்கும் என்று எண்ணும் புதிய ஆட்டக்காரனைப் போல நான் முடிவு கட்டினேன். அவன் இல்லை என்றான். நான் நம்பவில்லை, தந்தையை அழைத்துவரச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

நான்கு நாள் கழித்து அந்த உறை ஓர் ஆசிரியர் வீட்டில் விடைத்தாள் கட்டுக்குள் இருந்து வெளிப்பட்டது. இரண்டாம் பாடவேளையில் கட்டைத் தூக்கியபோது தம்மை அறியாமல் சேர்த்து எடுத்துச் சென்றிருக்கிறார். அதன் பிறகே நான் மற்ற ஏடுகளைப் பார்த்தேன். அந்தப் பாடவேளை முழுவதும் அந்தப் பையன் மைதானத்தில் ஓட்டப் பந்தயத் தேர்வில் இருந்தான். ஓடிய நேரம் உடற்பயிற்சி ஆசிரியரின் ஏட்டில் குறிக்கப்பட்டிருந்தது. அந்த ஏடு என் அறைக்கு அடுத்த அறையில் இருந்தது. நான் கேட்கவே இல்லை.

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குச் சென்று, தந்தை, மகன் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். 'போகட்டும் சார். அவன் வள்ளத்துல ஏறிட்டான், இனி பள்ளிக்கூடம் வரமாட்டான்' என்றார் தந்தை. அவன் வரவும் இல்லை. பிரிட்ஜில் ஓர் ஆட்டம் போனால் அடுத்த சீட்டைக் கலைத்துப் போடலாம். இங்கே அதற்கு வழியில்லை.

அந்த நாள் முதல், சீட்டு மேசையில் பழகிய ஒழுங்கை என் அலுவல் மேசைக்கும் கொண்டு வந்தேன். ஒருவர்மேற் குற்றம் தோன்றினால், அவருக்கு எதிரான சான்றை ஒரு பக்கமும், அந்த வேளையில் ஏனையோர் எங்கே இருந்தனர் என்பதை மறுபக்கமும் எழுதுவேன். கூட்டுத்தொகை நிறையும் வரை கையெழுத்திட மாட்டேன். சிலமுறை கணக்கு நிறையாமலே போயிற்று; அப்போது எவரையும் தண்டிக்காமல் விட்டேன். குற்றம் செய்த சிலர் அதனால் தப்பியிருக்கலாம்.

பிரிட்ஜ் பழக விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு யோசனை கூறி முடிக்கிறேன். நான்கு இனங்களையும் முதல் நாளே எண்ண முயன்றால் மனம் குழம்பும். முதல் மாதம் துருப்பை மட்டும் எண்ணுங்கள். அடுத்த மாதம், எதிராளி முதலில் இறக்கிய இனத்தையும் சேர்த்து எண்ணுங்கள். ஒருவர் ஓர் இனத்தில் 'இல்லை' என்று வேறு சீட்டைக் கழிக்கும் இடத்திற் சற்றே நின்று, அவரிடம் எத்தனை இருந்தது, மற்றவரிடம் எத்தனை இருக்க வேண்டும் என்று மனத்துள் சொல்லிக் கொள்ளுங்கள். சில மாதங்களில் நான்கு இனங்களும் தாமே பிடிபடும். அதுவரை, பெரிய சீட்டு இன்னாரிடந்தான் உள்ளது என்று மனம் அவசரப்படுத்தும்போதெல்லாம், இன்னும் எண்ணாத சீட்டுகள் எத்தனை என்று ஒருமுறை கேட்டுக் கொள்ளுங்கள்.